வெட்டப்படாத கேள்வி

ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985) பற்றி ஃபிலிம் சொஸைட்டிகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் முடிந்துவிடுகிறது: படம் ஒருபக்கச் சார்பானது, அல்லது, துணிச்சலானது. இரண்டும் படத்தைத் தொடாத தீர்ப்புகள்.

சார்பு என்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பம்பாயை அழகுபடுத்த விரும்பும் கனவான்களும் அதிகாரிகளும் இதில் தாராளமாகப் பேசுகிறார்கள். யாரும் அவர்களை மறிப்பதில்லை. அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை இடிபடுகிறது, அவ்வளவுதான். அதே 1985 ஜூலையில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். நடைபாதைவாசிகளை அகற்றும் அதிகாரத்தையும் மாநகராட்சியிடமே விட்டுவைத்தது. தீர்ப்பில் வாசகமாக உள்ள முரண் படத்தில் கண்ணெதிரே நடக்கிறது.

துணிச்சல் என்கிறவர்களும் பிரதானமான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீடிழந்த பெண் ஒருத்தி காமிராக்காரர்கள் மீதே சீறுகிறாள்: எங்களைப் படம்பிடிப்பதால் எங்களுக்கு ஆகப்போவது என்ன? எடிட்டிங் மேஜையில் சுலபமாகக் கழித்திருக்கக் கூடியது இது. பட்வர்தன் வைத்திருக்கிறார். தன் நல்லெண்ணத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற காரியம். இதன்பின் கலைஞன் ‘அவர்களுக்காக’ப் பேசுகிறவன் என்ற சௌகரியம் மிஞ்சுவதில்லை.

பார்வையாளனுக்கும் மிஞ்சக் கூடாது. அவள் கோபம் படமெடுத்தவரோடு நிற்பதல்ல. டிக்கெட்டில்லாமல் பார்த்துவிட்டு ஷாட்டுகளைப் பாராட்டும் நம்மையும் சேர்த்துத்தான். விவாதத்தை அவள் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ரசனை என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு தேறும் என்று தெரியும்.