பாடநூல் உரைநடையை எளிமையாக்குதல்: ஒரு மறுமதிப்பீடு

மொழி இடர்ப்பாடுடைய மாணவர்க்குச் செய்திப் பனுவல்களை விளங்கவைக்கும் வழிகளாகப் பெரிதும் கூறப்படுவன இரண்டு: கடினச் சொல்லை நீக்குதல், தொடரைக் குறுக்குதல். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட ஆங்கில வாசிப்பெளிமை வாய்பாடு சொல்லின் அசைகளையும் தொடரின் சொற்களையும் எண்ணியே எளிமையை அளந்தது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல்; அதன் நீளம் எந்தக் குழந்தையையும் திகைக்கவைப்பதில்லை. இவ்வகை வாய்பாடுகளுக்கேற்பத் திருத்தப்பட்ட பனுவல்கள் சில இடங்களில் முன்னினும் கடினமாயின என்பதை ஆங்கிலத்திலேயே டேவிசனும் கான்டரும் 1982இல் விளக்கினர். எனினும் அவ்வளவுகோலின் நிழல் தமிழ்ப் பாடநூலாக்கத்தை விட்டு நீங்கவில்லை.

தமிழ் அறிவியல் உரைநடையில் காரணகாரியத் தொடர்பு பெரும்பாலும் சொல்லின் ஈற்றிலேயே அமைகிறது. 'வெப்பத்தால் விரிவடையும்', 'வெப்பமடைந்தால் விரிவடையும்', 'வெப்பமடைவதால் விரிவடைகிறது', 'வெப்பமடைந்தாலும் விரிவடைவதில்லை' ஆகிய நான்கிலும் 'ஆல்' என்னும் ஒலி உண்டு. ஆயின் முதலாவதும் மூன்றாவதும் காரணத்தையும், இரண்டாவது நிபந்தனையையும், நான்காவது எதிர்பார்ப்புக்கு மாறான விளைவையும் உணர்த்துகின்றன. 0 முதல் 4 பாகை செல்சியஸ் வரை நீர் வெப்பமடைந்தாலும் விரிவடைவதில்லை, சுருங்குகிறது என்னும் பாடத்தின் உயிர் அந்த 'உம்'மில் உள்ளது. அதனைத் தவறவிடும் மாணவன் கலைச்சொற்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் பாடத்தைத் தலைகீழாகவே கொள்வான். 'வெப்பமடைந்து விரிவடைகிறது' என்னும் வினையெச்சமோ முறையையும் காரணத்தையும் ஒருங்கே சுமக்கிறது. எது கருதப்பட்டது என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும்.

குறுக்கப்பட்ட தொடர் இச்சுமையை மிகுவிக்கிறது. 'நீராவி மேலெழுகிறது. மேலே குளிர் மிகுதி. மேகம் உண்டாகிறது.' இவை எளிய தொடர்கள்தாம். ஆனால் நடுவிலிருந்த 'ஆதலால்' மறைந்தது. பனுவலில் இல்லாத இணைப்பை வாசகரே உய்த்துணர்வால் நிரப்புகிறார் என்பது கிண்ட்ஷ், வான் டைக் ஆகியோரின் 1978ஆம் ஆண்டுக் கோட்பாடு. அவ்வுய்த்துணர்வில்தான் இம்மாணவர் இடறுகின்றனர். அவர்களுக்கென்றே செய்யப்படும் எளிமையாக்கம் அவர்களையே வருத்துவது வியப்புக்குரியது.

இவருள் பலர் பிழையின்றி உரக்கப் படிப்பர். ஆகவே வகுப்பில் இனங்காணப்படுவதில்லை. எழுத்துணர்தலும் மொழிப் புரிதலும் வேறுவேறு திறன்கள் எனக் காஃப், டன்மர் இருவரும் 1986இல் வரையறுத்தனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டின் வெளிப்பாடுகளில் புரிந்துகொள்வதில் உள்ள இடர்ப்பாட்டையும் சேர்த்துள்ளது. பள்ளி நடைமுறையோ எழுத்துப்பிழையையே நாடுகிறது.

தொடரைப் பிரிப்பது எங்கும் தவறு என்பதன்று. 'பச்சையத்தின் உதவியால் ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றித் தாவரங்கள் உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி ஒளிச்சேர்க்கை எனப்படும்' என்னும் வரையறையில் பொருள் முழுவதும் இறுதிவரை தாங்கப்பட வேண்டியுள்ளது. 'தாவரங்கள் உணவு தயாரிக்கின்றன. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்' எனத் தொடங்கி, எவ்வாறு என்பதை அடுத்துக் கூறலாம். இது பேச்சுவழக்குக்கும் அணித்தானது. கலைச்சொல்லை நீக்க வேண்டுவதில்லை.

பயிற்சி வினாக்களும் மாற வேண்டும். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் பகுதியில் வழக்கமாகக் கலைச்சொல்லே விடப்படுகிறது. மனப்பாடம் அதற்குப் போதும். 'உலோகம் வெப்பமடை_____ விரிவடைகிறது' எனக் கோட்டைச் சொல்லீற்றில் இட்டு, 'வதால்', 'ந்தாலும்' என்னும் இரண்டையும் தந்து, தெரிந்ததற்குக் காரணமும் கேட்பின், மாணவன் தொடர்பை உணர்ந்தானா என்பது ஆசிரியர்க்குத் தெரியவரும்.