சும்மாட்டின் மேல் ஒரு தோட்டம்

ஜமைக்காவின் பழைய பழக்காரிகளின் படங்களைப் பார்த்தால் என் கண் முதலில் போவது கழுத்துக்குத்தான். தலையில் சும்மாடு, அதன்மேல் பழம் நிறைந்த கூடை. கழுத்தோ தூண்போல நிமிர்ந்து நிற்கிறது. என்ன அழகு அது! அந்த நிமிர்வுக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. அடிமைகளாக வதைபட்ட காலத்திலேயே இவர்களின் முன்னோர் தங்களுக்கென விடப்பட்ட துண்டு நிலத்தில் பயிரிட்டு, விளைந்ததை ஞாயிற்றுச் சந்தையில் விற்றார்கள். 1838இல் முழு விடுதலை வந்தபோது வியாபாரம் ஏற்கெனவே அவர்களுக்குக் கைவந்திருந்தது. பழங்களிலும் பல கடல் கடந்து வந்தவையே. மா அந்தத் தீவுக்கு வந்தது 1782இல், சீமைப்பலா 1793இல்.

படம் எடுத்தவர்களின் நோக்கம் வேறு. 1891இல் கிங்ஸ்டனில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில், வெளிநாட்டுப் பயணிகளை ஈர்க்கவே இத்தகைய படங்கள் பெருகின. அடிக்குறிப்பில் ஊர் இருக்கும், தொழில் இருக்கும். பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இது எனக்குத் தீராத வருத்தம்.

இந்தப் படங்களை வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால், வண்ணம் தீட்டிய அஞ்சலட்டைகளைவிடக் கறுப்பு வெள்ளைப் படங்களே மேல். தீட்டிய வண்ணம் பழத்தை மினுக்கி, முகத்தை மங்கவைத்துவிடுகிறது. நேர்வெயில் படாத சுவரும் அகலமான வெள்ளை விளிம்பும் போதும். டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் பழைய கரீபியன் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மாட்டும்போது ஊரையும் ஆண்டையும் கீழே எழுதி வையுங்கள். சட்டத்தின் அளவுக்காக அந்தப் பெண்களின் வெறுங்கால்களை வெட்டிவிடாதீர்கள்.