யாருக்காக வெளுக்கணும்?

1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, வேலை கிடைக்காது. பூசினால் இரண்டும் தேடிவரும் என்பதே அதன் விளம்பரங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. 2005இல் வேறொரு கம்பெனி ஆண்களுக்கென்று ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கொண்டுவந்தது. பொம்பளை கிரீமைத் திருட்டுத்தனமாகப் பூசுகிறவனைக் கேலி செய்தே அதை விற்றார்கள். ஆக, வெளுப்பு இருவருக்கும் வேண்டுமாம். பொம்பளை பூசுவதைத் தொட்டால் மட்டும் ஆம்பளைக்கு இழுக்காம். இந்தத் தீட்டு நமக்கென்ன புதுசா?

2020இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. ‘அரிசன்’னு பேர் மாத்தினதால தீண்டாமை போயிடுச்சா? வெயில்ல நாத்து நடுறவளோட கறுப்பு உழைப்போட நிறம். அதை அழுக்குன்னு சொல்றவன் கிரீமை மட்டுமா விக்கிறான்? சாதியையும் சேத்துத்தான் விக்கிறான்.