பித்தளையில் ஓர் எக்ஸ் கிளாஸ்

மாடல் ரயில் என்றால் பெட்டியைப் பிரித்ததும் ஓடுகிற சமாச்சாரம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். என்ஜினை நாமே தகட்டிலிருந்து வெட்டிச் செய்ய வேண்டும், சார்! அதிலும் செய்தால் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸைச் செய்ய வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அந்த நீல ராட்சசி ஒரே உடம்பில் இரண்டு என்ஜின். மொத்தம் நான்கு சிலிண்டர்கள். கீழ் ஜோடி சக்கரங்களை ஓட்டும். கல்லாறில் பல்பாதை தொடங்கியதும், கீழ் ஜோடியில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். குன்னூர் தாண்டினால் மேல் ஜோடிக்கு ஓய்வு. புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் இது மண்டையில் ஏறாது. ராடுகளை அறுத்து, ராவி, பின் போட்டுக் கோக்கும்போதுதான் ‘அடப்பாவிகளா, என்ன மூளை!’ என்று வாய் பிளப்போம்.

நான் எடுத்துக்கொண்ட அளவு 1:22.5. மீட்டர் கேஜின் 1000 மி.மீ.யை அதால் வகுத்தால் 44.4. கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளம் அப்படியே பொருந்துகிறது. மோட்டார், கம்பி வகையறா ரிச்சி ஸ்ட்ரீட் உபயம்.

பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் என் செல்லம். கால் மி.மீ. பித்தளைத் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, மழுங்கிய ஊசியை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபுறம் ரிவெட் தலை குட்டி முத்தாக முளைத்திருக்கும்! அடுத்தது, அதற்கடுத்தது, வரிசை பிசகாமல். “என்னங்க, இன்னும் முடியலையா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். முடியவே வேண்டாம் என்றிருக்கும் எனக்கு.

அப்புறம் அப்ட் பல்பாதை. நடுவே இரண்டு பல்பட்டைகள். ஒன்றில் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம். அதனால் எப்போதும் ஏதாவதொரு பல் கடித்துக்கொண்டே இருக்கும். என் பட்டையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 3.14 மி.மீ.; அதில் சரிபாதி தள்ளி இரண்டாவதை ஒட்ட வேண்டும். என்ஜினுக்கு அடியிலுள்ள இரட்டைப் பல்சக்கரத்துக்கும் அதே கணக்கு. வெர்னியரும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் நடக்காது.

அசல் பாதையின் ஏற்றம் கிட்டத்தட்ட 12க்கு 1. என் மேஜையில் அது மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டருக்கும் மேல். இந்த ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கும். பல் பிடித்த கணம், ‘கட்’டென்று ஒரு சின்ன உதறல், பிறகு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு, ராஜநடையில் ஏறினாள் பாருங்கள்! மேல் ராடுகளும் கீழ் ராடுகளும் தனித்தனித் தாளத்தில் ஆடுவதைப் பார்க்கக் கண் இரண்டு போதவில்லை.

புதிய எக்ஸ் கிளாஸ்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை கட்டியது. அவர்களுக்குக் கிரேன் உண்டு. எனக்கு மொட்டைமாடி அறையும் ஒரு சால்டரிங் அயர்னும். இப்போது ஒட்டியிருப்பவை அட்டைப் பெட்டிகள்தான். அடுத்து பிரேக்ஸ்மேன் நிற்கும் மேடையோடு அசல் பெட்டிகள், தகடு வாங்கியாயிற்று.