அழுக்கு என்று யார் சொன்னது?

கோயில் சுவரைச் சுத்தம் செய்வதும் ஒரு வாசிப்புதான். எதை விட்டுவைப்பது, எதைத் துடைப்பது என்று தீர்மானிக்கிறவர் ஒரு பிரதியைத் திருத்தி எழுதுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கொரு குடமுழுக்கு என்று கணக்கு வைத்து, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சியடித்துத் தமிழகக் கோயில்கள் பலவற்றில் நடந்தது இந்தத் திருத்தல்தான். எண்ணெய்ப் பிசுக்கு போச்சு, வாஸ்தவம். கூடவே கல்லின் மேல்தோலும் எழுத்தின் விளிம்பும் போயின.

பிளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மெதிச்சி கல்லறையில் நடந்தது வேறு. 1537-இல் கொலையுண்ட அலெஸாண்ட்ரோ மெதிச்சியின் உடலைச் சரியாகப் பதப்படுத்தாமல் உள்ளே வைத்தார்கள். கசிந்த நீர் சலவைக்கல்லில் கறையாக நின்றது. அந்தக் கறை என்னவென்று முதலில் சோதித்தார்கள். பிறகுதான் பாஸ்பேட்டைத் தின்று கல்லை விட்டுவிடும் செர்ரேஷியா ஃபிகாரியா என்ற பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்துப் பூசினார்கள். 2021-இல் இது உலகச் செய்தியானது. பீசாவில் சுவரோவியத்தின்மேல் இறுகிக்கிடந்த பழைய பசையைத் தின்றதும் இன்னொரு நுண்ணுயிர்தான்.

உடனே 'நாமும் பாக்டீரியா வரவழைப்போம்' என்று கிளம்ப வேண்டாம். அங்கே சலவைக்கல்; இங்கே கருங்கல், அதன்மேல் எண்ணெய், கற்பூரக் கரி, சுண்ணாம்பு, பெயின்ட். எந்த நுண்ணுயிர் என்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி. நம்முடையது அதற்கும் முந்தியது. அங்கே கறையை விசாரித்த பிறகுதான் கை வைத்தார்கள். இங்கே விசாரித்தது யார்?

திருவையாற்று வடகயிலாயம் ராஜராஜனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்தது. அந்தக் கோயிலிலிருந்தும் ஆடல் மகளிரைத் தஞ்சைக்குக் கொண்டுபோனார்கள். பெரியகோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு நானூறு பெண்களை ஊர், பெயர், தெருச் சிறகு, வீட்டு வரிசையோடு அடுக்குகிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். மெய்க்கீர்த்தி மன்னனின் வெற்றிகளைப் பாடும். இவர்களுக்கு இருப்பதோ இந்தக் கணக்குப் பட்டியல் மட்டும். அந்தக் கல் பிழைத்தது. பிழைக்காத சுவர்களில் யார் யார் இருந்தார்கள்?

சாதி ஆளும் ஊரில் 'சுத்தம்' அப்பாவிச் சொல் அல்ல. யார் தொட்டால் தீட்டு என்று வகுத்த வாய்க்கே எது அழுக்கு என்று சொல்லும் உரிமையும் வாய்த்திருக்கிறது. விளக்கேற்றிய கைகளின் கரி அழுக்காகிறது. நன்கொடையாளர் பெயரெழுதிய பெயின்ட் மட்டும் எப்படித் திருப்பணி ஆகிறது?

எனவே கோரிக்கை எளிது. கல்லைத் தொடுமுன் மைப்படி எடுக்கட்டும். கறையைச் சோதிக்கட்டும். எது போகும், எது மிஞ்சும் என்பதைக் கோயில் வாசலில் எழுதி ஒட்டி, ஊரார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பாக்டீரியாவோ தண்ணீரும் நார்த்தூரிகையுமோ, கருவியைத் தேர்வது அதற்கப்புறம்.