எழுதிக் கொடுத்துவிட்டுப் போ

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆண் ஏட்டிடம் சொல்லக் கூசுகிற அடியைப் பெண் காவலரிடம் சொல்ல முடியும் என்ற எண்ணம் சரியானதே. இன்று தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் இருநூறுக்கும் மேல். ஆனால், சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும்.

மனு வாங்குவார்கள்; அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். பிறகு இரு தரப்பையும் வரச்சொல்லி கவுன்சலிங். ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று கணவன் எழுதிக் கொடுத்ததும் மனு முடிகிறது, மனு கொடுத்தவள் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். 2013இல் லலிதா குமாரி வழக்கில் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்ற உச்ச நீதிமன்றம், குடும்பத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணைக்கு இடம் கொடுத்தது. குற்றம் நடந்ததா என்று பார்ப்பதற்கான இடைவெளி அது. அதில் பஞ்சாயத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

‘கேஸ் வேண்டாம் மேடம், அவர் அடிக்காம இருந்தா போதும்’ என்று பெண்களே கேட்கிறார்களே என்பார்கள். உண்மைதான். பிள்ளைகளையும் வாடகையையும் நினைத்துப் பார்க்கிறவள் வேறென்ன கேட்பாள்? அவள் கேட்பதைத் தருவதற்கென்றே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். நிலையத்தில் எழுதி வாங்கிய தாளை மீறினால்? இன்னொரு தாள். இந்த வேறுபாட்டை மனு கொடுக்க வந்தவளுக்குச் சொல்லாத நிலையம், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், அவளைக் கைவிடுகிறது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதமே. விழிப்புணர்வுப் பேரணிகள் குறைவில்லாமல்தான் நடக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண் எழுதி வாங்கிய தாளோடு திரும்பி வந்ததைப் பார்த்தவளுக்குப் பேரணி என்ன சொல்லிவிடும்?

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாதாரண நிலையத்துக்குள்ளேயே, பயிற்சி பெற்ற அலுவலர்களோடு பெண்கள் உதவி மேசை போட்டார்கள். பெண்களின் புகார்கள் பதிவாவது கூடியது, அதிலும் பெண் அதிகாரிகள் பொறுப்பிலிருந்த இடங்களில்.

என் தீர்ப்பு இது: மகளிர் நிலையங்கள் இருக்கட்டும், சமாதானம் பேசும் வேலையை அவற்றிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ‘மகளிர் ஸ்டேஷனுக்குப் போம்மா’ என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. அடிபட்டு வருகிறவள் கையில் அன்றைக்கே குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.