அதட்டாத தடிமன்

தடித்த எழுத்து என்றாலே அதட்டல் என்று அச்சுலகில் ஒரு பழக்கம். ‘எச்சரிக்கை’, ‘கடைசி நாள்’ எல்லாம் அந்தக் குரலில்தான் வரும். கூப்பர் பிளாக் என்ற ஆங்கில எழுத்துரு அவற்றுக்குச் சளைத்த தடிமன் இல்லை. ஆனால் அதற்கு அதட்டத் தெரியாது. காரணம் தெரிய ஓரிரு எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

ஆங்கிலச் சின்ன ‘என்’னை எடுத்துக்கொள்வோம். தூண்கள் ஊன்றும் இடம் தட்டையாக இருப்பதுதான் வழக்கம். இதில் பாதங்கள் உருண்டிருக்கின்றன. மூலை என்று விரல் வைக்க ஓர் இடம் கிடையாது. மை நிறையத் தோய்ந்த தூரிகை விட்டுப்போகும் ஓரம் அது. அடுத்து ‘ஓ’. சுற்றிலும் அத்தனை கறுப்பு; நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை, அதுவும் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. என் கணக்கில் மொத்த எழுத்துருவின் உயிரும் அந்தச் சாய்வில் இருக்கிறது. நிமிர்த்தி வைத்திருந்தால் வெறும் டயர்.

வரைந்தவர் சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவதே அவர் தொழில். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற உள்ளூர் அச்செழுத்து வார்ப்பகத்துக்காக முதலில் மெலிந்த கூப்பர் ஓல்ட் ஸ்டைலைத் தந்தார். 1922இல் இந்தக் கறுப்பு வந்தது. கட்டுப்பெட்டியான அச்சகத்தார் முகம் சுளித்தார்கள். விளம்பரக்காரர்களோ அள்ளிக்கொண்டு போனார்கள். கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களைக் கொண்ட தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கானது இது என்று கூப்பரே கிண்டலடித்தாராம். வேடிக்கை என்னவென்றால், இதற்குப் போட்டியாக மோனோடைப் நிறுவனம் ஒரு தடித்த எழுத்தை வரையச் சொன்னது கூப்பரின் ஆசிரியர் ஃபிரெடரிக் கௌடியிடம்! அந்தக் கௌடி ஹெவிஃபேஸை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஈய எழுத்தில் ஒரு தடங்கல் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை. கட்டைகள் முட்டிக்கொண்டால் அதற்குமேல் நெருக்க முடியாது. அறுபதுகளில் ஃபிலிமில் எழுத்துக் கோக்கும் முறை பரவியதும் அந்த வேலி போயிற்று. உருண்டை எழுத்துகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றபோதுதான் கூப்பரின் முழு அழகு வெளிப்பட்டது. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறை (1966) அதற்கு நல்ல சாட்சி: கீழே ஆடுகளுக்குத் தீனி போடும் படம், மேலே பச்சைப் பட்டையில் நெருக்கியடித்த கூப்பர். பிறகு எழுபதுகளில் பனியன் முதல் கடைப் பலகை வரை எங்கும் இதுதான். கொஞ்சம் திகட்டத்தான் செய்தது.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது இரண்டு மூன்று சொற்களுக்கான எழுத்து. பத்துப் புள்ளி அளவில் பத்தி கோத்தால் உள்வெள்ளைகள் அடைத்துக்கொண்டு பக்கமே கறையாகிவிடும். முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் சுவர். கோடு கட்டி, நிழல் விழவைத்து அலங்கரிப்பவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஓரத்தின் உருட்சியைத்தான் அவர்கள் முதலில் கொல்கிறார்கள். 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. ஒரே ஒரு பெயர், ஆரஞ்சும் வெள்ளையும், ‘ஜே’ தவிர எல்லாம் சின்ன எழுத்து. டிக்கெட் மலிவு என்பதை விலை போடாமலே சொல்லியாயிற்று.